பூசி மெழுகிய சுவர்

வீட்டை விற்பது என்று முடிவானதும் நம் தீவில் முதலில் அழைக்கப்படுகிறவர் பெயின்டர். அவருக்குப் பின்னாலேயே பட்டி பார்ப்பவரும் டைல்ஸ் ஒட்டுபவரும் ஃபால்ஸ் சீலிங் போடுபவரும் வந்து சேருகிறார்கள். கராச்சர்மா ஆனாலும் புரோத்ராபூர் ஆனாலும் டெலானிப்பூர் ஆனாலும் தரகர் வாயிலிருந்து வரும் யோசனை ஒன்றுதான்: "ஒரு கோட்டிங் அடிச்சு விடுங்கண்ணே, பார்க்க வர்ற பார்ட்டி மறுபேச்சுப் பேசக்கூடாது." போட்ட காசு இரண்டு மடங்காகத் திரும்பும் என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட கணக்கு. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய, நாம் இன்னமும் போர்ட் பிளேர் என்றே சொல்கிற இந்த ஊரில் அந்தக் கணக்கைக் கேள்வி கேட்பவரைக் காண்பது அரிது. ஆனால் அது தவறான கணக்கு. சமவெளியில், கடலுக்கு எட்டாத ஊரில், அது வெறும் வீண்செலவாக முடிந்துபோகலாம். உப்பும் மழையும் நிலநடுக்கமும் ஒன்றாகக் குடியிருக்கும் இந்த மண்ணிலோ, விற்பதற்கு முன் அடிக்கிற பூச்சு ஒரு வீட்டைப் பற்றி வாங்குபவருக்குக் கிடைக்கக்கூடிய சாட்சியத்தையே துடைத்துவிடுகிறது. துடைத்த கையோடு விற்பவரையும் சட்டத்தின் முன் குற்றவாளியாக நிறுத்துகிறது. பூசி மெழுகுவது என்று தமிழில் ஏன் சொல்கிறோம் என்பதை வீடு விற்கும்போதாவது யோசிக்க வேண்டும்.

ஒரு கான்கிரீட் வீட்டின் உடல்நிலையை எப்படித் தெரிந்துகொள்வது? உள்ளே இருக்கும் கம்பியைக் கண்ணால் பார்க்க முடியாது. கம்பி தன் நிலையைச் சுவரிலும் தளத்திலும்தான் எழுதிக் காட்டும். கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைச் சுற்றி ஒரு மெல்லிய காப்புப் படலத்தைத் தருகிறது. குளோரைடு என்னும் உப்பு அந்தப் படலத்தைத் துளைத்தால் துரு தொடங்குகிறது. துரு, தான் தின்ற இரும்பைப் போல இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். இடம் கிடைக்காதபோது சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளக்கும். முதலில் கம்பி ஓடும் திசையிலேயே மயிரிழை போன்ற விரிசல். பிறகு பழுப்புக் கறை. பிறகு தட்டினால் பொத்தென்று ஒலிக்கும் உப்பல். கடைசியில் சில்லு சில்லாகப் பெயர்ந்து விழும் பூச்சு, அதன் பின்னே சிவந்த கம்பி. மேஸ்திரிகளுக்கு இந்த வரிசை நன்றாகத் தெரியும். ஒவ்வொரு நிலையும் அந்த வீட்டுக்கு இன்னும் எவ்வளவு காலம் இருக்கிறது, எவ்வளவு செலவு காத்திருக்கிறது என்பதைச் சொல்கிறது. நாம் அசிங்கம் என்று நினைத்து மறைக்கிற கறைதான் வீட்டின் மருத்துவ அறிக்கை.

இந்த அறிக்கை வேறெங்கையும்விட இங்கே முக்கியமானதற்கு ஒரு வரலாறு உண்டு. அந்தமானில் பெரிய ஆறுகள் இல்லை. ஆற்று மணல் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பொருள் இங்கே இல்லை. பல பத்தாண்டுகள் இந்தத் தீவுகளின் வீடுகளும் பள்ளிகளும் அலுவலகங்களும் கடற்கரை மணலை அள்ளித்தான் எழுப்பப்பட்டன. உச்ச நீதிமன்றம் நியமித்த சேகர் சிங் ஆணையத்தின் அறிக்கைக்குப் பிறகு அந்நீதிமன்றம் 2002 மே 7 அன்று பிறப்பித்த ஆணை, மணல் எடுப்பதை ஆண்டுக்குக் குறைந்தது 20 விழுக்காடாகக் குறைத்துக்கொண்டே வந்து, ஐந்தாண்டுக்குள் அப்போதைய அளவில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொண்டுவரச் சொன்னது. அந்த ஆணை கடற்கரைகளைக் காப்பாற்றுவதற்காக வந்தது. ஆனால் அதற்கு முன் கட்டப்பட்ட வீடுகளின் வயிற்றில் என்ன இருக்கிறது என்பதையும் அது மறைமுகமாக நமக்குச் சொல்லிவிட்டது. கடல் மணலை நல்ல தண்ணீரில் கழுவிப் பயன்படுத்தினால் உப்பு குறையும் என்பது உண்மைதான். கோடையில் தானிக்காரி அணையின் மட்டத்தைப் பார்த்துக் குழாய்த் தண்ணீருக்கு முறை வைக்கும் ஊரில், மணலைக் கழுவ எத்தனை பேருக்குத் தண்ணீர் கிடைத்திருக்கும்? கம்பி கட்டிய கான்கிரீட்டில் ஒரு கன மீட்டருக்கு 0.6 கிலோகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக்கூடாது என்கிறது ஐ.எஸ். 456 தரவிதி. உப்பு உள்ளிருந்து மட்டுமா வருகிறது? கடற்காற்றும் கொண்டுவந்து சேர்க்கிறது. அதைத் தடுக்கக் கம்பிக்கு வெளியே கான்கிரீட் கனமாக இருக்க வேண்டும். 2000-ஆம் ஆண்டுத் தரவிதி கடுமையான சூழலுக்கு 45 மில்லிமீட்டர் கவர் கேட்கிறது. 1978-ஆம் ஆண்டின் பழைய விதி சாதாரணச் சூழலில் ஒரு தளத்துக்கு 15 மில்லிமீட்டர் போதும் என்றது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எழுந்த வீடுகள்தான் இன்று பெருமளவில் விற்பனைக்கு வருகின்றன. அவற்றின் தளத்துக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்க்கிற உரிமையைத்தான் ஃபால்ஸ் சீலிங் பறிக்கிறது.

மறைப்பதோடு பூச்சின் வேலை முடிந்துவிடுவதும் இல்லை. அது நோயை வளர்க்கவும் செய்கிறது. பெயர்ந்த இடத்தை மட்டும் கொத்தி எடுத்து, புது சிமென்ட் கலவை வைத்து அடைத்து, மேலே பட்டி பார்த்துவிட்டால் வேலை முடிந்ததாக நினைக்கிறோம். உப்பேறிய கான்கிரீட்டில் இப்படி ஒட்டுப் போடும்போது, புதுக் கலவைக்குள் இருக்கும் கம்பி பாதுகாப்பாகிவிடுகிறது. அதைச் சுற்றியுள்ள பழைய பகுதியில் துரு முன்னைவிட வேகமாகப் பிடிக்கிறது. அதுவரை ஒட்டுக்குள் இருந்த துருப்பிடித்த கம்பிதான், தான் கரைந்து, பக்கத்துக் கம்பியைக் காத்துக்கொண்டிருந்தது. அந்தக் காவல் போனதும் ஒட்டின் விளிம்பைச் சுற்றி வளையமாகப் புது விரிசல்கள் கிளம்புகின்றன. கான்கிரீட் பழுதுபார்ப்பில் இது நன்கு அறியப்பட்ட விளைவு. குளோரைடு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் எடுத்துவிட்டுச் செய்யும் பழுதுபார்ப்பும், கம்பியைச் சுத்தம் செய்து காப்புப் பூச்சு கொடுப்பதும் இதற்காகத்தான் வலியுறுத்தப்படுகின்றன. விற்பனைக்கு முந்தைய அவசரத்தில் அதையெல்லாம் யாரும் செய்வதில்லை. சுவருக்குள் ஈரம் இருக்கும்போதே மேலே காற்றுப் புகாத பளபளப்புப் பெயின்ட் அடிப்பதும் இப்படித்தான். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை, மே மாதம் மூன்றாம் வாரத்தில் தென்மேற்குப் பருவம் தொடங்கி வடகிழக்குப் பருவமும் ஓயும்வரை எட்டு மாத ஈரம். சுண்ணாம்பு அடித்த சுவராவது மூச்சு விட்டு உலரும். இந்தச் சுவர் உள்ளேயே வியர்க்கும். முதல் மழைக்காலத்திலேயே பெயின்ட் கொப்பளித்து, உப்புப் பூத்து, பழைய கறை அதே இடத்தில் வந்து நிற்கும். அட்வான்ஸ் வாங்கியதற்கும் பத்திரம் பதிவதற்கும் இடையில் சில மாதங்கள் ஓடிவிடும் ஊரில், பதிவுக்கு முன்பே கறை திரும்பி வந்து விற்பவரைக் காட்டிக்கொடுப்பதும் நடக்கக்கூடியதே.

அடுத்து நிலநடுக்கம். 2016-ஆம் ஆண்டின் ஐ.எஸ். 1893 தரவிதியில் இந்தத் தீவுக்கூட்டம் முழுவதும் மிக ஆபத்தான 5-ஆம் மண்டலம். 1941 ஜூன் 26 நிலநடுக்கம் இங்கே செங்கல் கட்டடங்களைச் சிதைத்தது. செல்லுலார் சிறையின் பகுதிகளும் தப்பவில்லை. 2002 செப்டம்பரில் டிக்லிப்பூரை 6.5 அளவு நடுக்கம் உலுக்கியது. 2004 டிசம்பர் 26 பற்றி இந்தத் தீவில் யாருக்கும் யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. அந்த நடுக்கத்தில் டிக்லிப்பூர்ப் பக்கம் நிலம் மேலே எழுந்தது. போர்ட் பிளேர்ப் பக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர் கீழே இறங்கியது. சிப்பிகாட்டின் வயல்களுக்கும் வீடுகளுக்கும் ஓதத்தோடு கடல் வந்துபோகத் தொடங்கியது அன்றுமுதல்தான். அப்படிப்பட்ட தாழ்ந்த நிலத்தில் நிற்கும் ஒரு வீட்டின் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு நீர்க்கோடு இருந்தால், அந்தக் கோட்டைவிட முக்கியமான ஆவணம் அந்த வீட்டுக்கு வேறு இல்லை. அதன்மேல் டைல்ஸ் ஒட்டி மறைப்பவரை அழகுணர்ச்சி உள்ளவர் என்று நான் சொல்ல மாட்டேன். தூணும் பீமும் சேரும் இடத்தில் விழுந்த விரிசலைப் பட்டியால் நிரப்புவதும் இதே வகை. போர்ட் பிளேரின் மேடு பள்ளத்தில் பல வீடுகள் சரிவுப் பக்கம் உயரமான தூண்களிலும் மேட்டுப் பக்கம் குட்டையான தூண்களிலும் நிற்கின்றன. ஆட்டம் வரும்போது குட்டைத் தூண்கள்தான் அதிகச் சுமையை வாங்கி முதலில் வெடிக்கும். அந்தத் தூண்களின் தலைப்பகுதியை வாங்குபவர் விளக்குப் பிடித்துப் பார்க்க வேண்டும். பார்க்க விடாமல் செய்வதற்குப் பெயர் புதுப்பித்தல் என்று வைத்திருக்கிறோம்.

பூச்சைவிடக் கொடிய ஒன்றும் விற்பனை அலங்காரத்தில் இருக்கிறது. ஹால் பெரிதாகத் தெரிய வேண்டும் என்று நடுச்சுவரை இடிப்பது. கார் நிறுத்த இடமோ கடையோ இருந்தால் விலை கூடும் என்று தரைத்தளச் சுவர்களை எடுத்துவிட்டுத் தூண்களை மட்டும் விடுவது. வாடகை வரும் வீடு என்று காட்டுவதற்காகப் பழைய அடித்தளத்தின்மேல் இன்னொரு மாடியை ஏற்றுவது. 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தில் புஜ் அருகே நிலநடுக்கம் வந்தபோது, அதன் மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் சரிந்தன. அவற்றில் பல, கார் நிறுத்துவதற்காகத் தரைத்தளத்தைத் திறந்துவிட்டு மேலே சுவர்களோடு எழுந்தவை. மேலே இறுக்கமும் கீழே தளர்ச்சியுமாக இருக்கும் கட்டடம் கீழ்த்தளத்தில்தான் ஒடியும் என்பதை இந்தியா அன்று உயிர்களைக் கொடுத்துக் கற்றது. அந்தப் பாடத்துக்குப் பின்னும், அகமதாபாத்தைவிட ஆபத்தான மண்டலத்தில் உட்கார்ந்துகொண்டு, விலைக்காகச் சுவரை எடுப்பவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. எடுத்தவர் விற்றுவிட்டுப் போய்விடுகிறார். அந்தத் தளத்தின் கீழே தூங்கப்போவது இன்னொருவர் பிள்ளைகள்.

பூசி ஜோடித்தால் விலை கூடும் என்ற இந்த நம்பிக்கை மர வீடுகளுக்குச் செய்திருக்கும் அநியாயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். சாத்தம் மர ஆலை 1883-இல் தொடங்கியது. படாக்கும் கர்ஜனும் அறுத்து வந்த அந்த ஆலையின் நிழலில், தூண்கள்மேல் உயர்த்திய மரச்சட்டமும் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக வீடு கட்டும் ஒரு மரபு இங்கே வளர்ந்தது. 2002-இலும் 2004-இலும் நிலநடுக்கத்துக்குப் பின் தீவைச் சுற்றிப் பார்த்த பொறியியல் வல்லுநர்கள், விதியைப் பொருட்படுத்தாமல் கட்டிய கான்கிரீட், செங்கல் கட்டடங்களைவிட இந்த மர வீடுகள் ஆட்டத்தை நன்றாகத் தாங்கின என்று பதிவு செய்திருக்கிறார்கள். லேசானவை, வளைந்து கொடுப்பவை, ஆணியும் மூட்டும் அதிர்ச்சியை விழுங்கிக்கொள்பவை. விற்பனைச் சந்தையிலோ அவை "பழசு". எனவே பலகைச் சுவரின்மேல் சிமென்ட் ஷீட்டோ பி.வி.சி. பேனலோ அடித்து, முகப்பில் மட்டும் ஒரு செங்கல் சுவர் எழுப்பி, பக்கா வீடு போலத் தோற்றம் கொடுக்கிறார்கள். பேனலுக்கும் பலகைக்கும் நடுவில் காற்றோட்டம் இல்லாத இருட்டில் ஈரம் தங்குகிறது. கரையானுக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. சட்டத்தோடு பிணைக்கப்படாத அந்த முகப்புச் சுவர் அடுத்த ஆட்டத்தில் வாசலில் நிற்பவர்மேல் விழும். இன்று எளிதில் கிடைக்காத படாக்குத் தூண்கள் உள்ள வீட்டை, அதுவே பெருமை என்று காட்டி விற்க வேண்டியவர், பிளாஸ்டிக் தகட்டால் மூடிக்கொண்டிருக்கிறார்.

சட்டத்துக்கு வருவோம். இங்கேதான் தரகரின் யோசனை விற்பவரை நேராகப் பள்ளத்தில் தள்ளுகிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-ஆம் பிரிவு, முதல் உட்பிரிவிலேயே சொல்லிவிடுகிறது: சொத்தில் இருக்கும் முக்கியமான குறை ஒன்று விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், அதை எடுத்துச் சொல்வது விற்பவரின் கடமை. சொல்லாமல் விட்டால் அது மோசடி என்று அதே பிரிவின் கடைசியில் எழுதியிருக்கிறது. இதில் "சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத" என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். சுவரில் விரிசல் அப்பட்டமாகத் தெரிந்தால், அதைப் பார்த்துக் கேள்வி கேட்பது வாங்குபவரின் பொறுப்பு. பார்த்த பிறகும் வாங்கினால் விற்பவர்மேல் குறை சொல்ல அவருக்கு இடமில்லை. அதே விரிசலைப் பட்டியும் பெயின்டும் போட்டு மறைத்த கணத்தில், அது கண்டுபிடிக்க முடியாத குறையாக மாறிவிடுகிறது. விற்பவர் தன் கைக்காசைச் செலவழித்து, வாங்குபவரின் தோளில் இருந்த பொறுப்பைத் தன் தோளுக்கு மாற்றிக்கொள்கிறார். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 17-ஆம் பிரிவு, தெரிந்த உண்மையை முனைந்து மறைப்பதை மோசடி வகைகளில் ஒன்றாகத் தனியே குறிப்பிடுகிறது. வாய்மூடி இருப்பது வேறு. ஆளை வைத்துக் கூலி கொடுத்து மறைப்பது வேறு. கூலி கொடுத்த ரசீதே விற்பவருக்கு எதிரான சான்றாகும். கறையைக் கறையாகவே விட்டுவைத்தவருக்கு இந்தச் சட்டங்களால் எந்தத் தொல்லையும் இல்லை.

கட்டடத்தை ஜோடிக்கும் ஆர்வத்தில் காகிதத்தை மறந்துவிடுவது இன்னொரு கேடு. இந்தத் தீவுகளில் ஒரு வீட்டின் விலை பெரும்பாலும் அதன் நில உரிமையின் வகையில்தான் இருக்கிறது. 1966-ஆம் ஆண்டின் நில வருவாய், நிலச் சீர்திருத்த ஒழுங்குமுறைப்படி நிலம் அரசினுடையது. நம் கையில் இருப்பது அதன் மேலுள்ள ஒரு வகை உரிமை. அந்த உரிமை எந்த வகை, கைமாற்ற முடியுமா, யாருடைய அனுமதி வேண்டும், விவசாய நிலம் வீட்டுமனையாக முறைப்படி மாற்றப்பட்டதா, ஒரு காலத்தில் ஆக்கிரமிப்பாக இருந்து 1978-க்கு முந்தையது என்று வரன்முறை செய்யப்பட்டதா, அதற்குப் பிந்தையதா என்பதைப் பொறுத்து ஒரே தெருவில் ஒரே அளவு வீடுகளுக்கு வேறு வேறு விலை நிற்கும். நிக்கோபாரிலும் மற்றப் பழங்குடிக் காப்புப் பகுதிகளிலும் 1956-ஆம் ஆண்டுப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை வெளியாருக்கு நிலம் கைமாறுவதையே தடுக்கிறது. உரிமைப் பதிவேட்டில் தாத்தா பெயரே இன்னும் இருக்க, வாரிசுகளின் பெயர் ஏறாமல் இருக்க, இத்தாலிய மார்பிள் போலத் தெரியும் டைல்ஸ் ஒட்டி என்ன பயன்? பெயர் மாற்றம், எல்லை அளவை, நகராட்சியின் கட்டட அனுமதி வரைபடம், வரி ரசீது — இவற்றைச் சீராக்க ஆகும் செலவு பெயின்ட் செலவில் ஒரு சிறு பங்கு. விலையில் அது ஏற்படுத்தும் வித்தியாசத்துக்குப் பெயின்ட் பக்கத்தில்கூட வர முடியாது.

பணக் கணக்கையும் முடித்துவிடுவோம், ஏனென்றால் இந்த நம்பிக்கை தன்னைப் பணக் கணக்காகத்தான் காட்டிக்கொள்கிறது. இங்கே ஒட்டப்படும் டைல்ஸும் பட்டி மூட்டையும் ஜிப்சம் போர்டும் சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ 1,200 கிலோமீட்டர் கடல் கடந்து கப்பலில் வந்தவை. சென்னைவாசி தரும் விலையின்மேல் கப்பல் கூலியும் ஏற்றுக்கூலி இறக்குக்கூலியும் உடைசலும் சேர்ந்த விலையை நாம் தருகிறோம். அந்தக் கூடுதலை வாங்குபவர் திருப்பித் தருவார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அவர் தனக்குப் பிடித்த நிறத்தை அடிக்கத்தான் போகிறார். சமையலறை டைல்ஸை மாற்றத்தான் போகிறார். வருமான வரிக் கணக்கிலும் இது உதவாது: வீடு விற்ற லாபத்தைக் கணக்கிடும்போது கழிக்க முடிவது மூலதனத் தன்மையுள்ள மேம்பாட்டுச் செலவைத்தான்; வழக்கமான பெயின்ட், சில்லறைப் பழுது போன்ற பராமரிப்பு பொதுவாக அதில் சேராது. மொட்டை மாடியின் ஒழுகலை அடியோடு நிறுத்துவதற்கும், பிளந்த பீமை முறையாகத் திருத்துவதற்கும் செலவிடும் பணம் வேறு வகை. அது வாங்குபவர் எப்படியும் செய்ய வேண்டிய வேலையை அவருக்காகச் செய்துவைக்கிறது. பேரத்தில் காட்டிக் கேட்க ஒரு நியாயம் இருக்கிறது.

முதல் பார்வைதானே எல்லாம், பார்க்க வருகிறவர் கறையைப் பார்த்ததும் வாசலோடு திரும்பிவிட மாட்டாரா என்று கேட்பார்கள். கேள்வியில் உண்மை இருக்கிறது. மனிதர்கள் கண்ணால்தான் முதலில் வாங்குகிறார்கள். வீட்டைப் பெருக்கிக் கழுவி, ஒட்டடை அடித்து, வேண்டாத சாமானை அகற்றி, ஜன்னலைத் திறந்து வெளிச்சம் விடுவதை நான் எதிர்க்கவில்லை. பாசி பிடித்த வெளிச்சுவரைத் தேய்த்துக் கழுவலாம். குடியிருக்கிற காலத்தில் மழைக்கு எதிராக ஒழுங்காகப் பெயின்ட் அடித்து வந்த வீடு நிச்சயம் நல்ல வீடு. நான் எதிர்ப்பது, விற்கும் நோக்கம் வந்த பிறகு, காரணத்தைத் தொடாமல் அடையாளத்தை மட்டும் மூடும் பூச்சை. கறையைப் பார்த்துத் திரும்பிப் போகிறவர் பதிவுக்குப் பிறகு வழக்கோடு திரும்பி வர மாட்டார் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இன்னொன்று: தீவில் வீடு தேடுகிறவர்கள் விவரம் தெரிந்தவர்கள். எல்லா வீட்டுக்கும் புதுப் பெயின்ட் அடித்திருக்கும் சந்தையில், புதுப் பெயின்ட் வாசனையே சந்தேகத்தைக் கிளப்புகிறது. எதை மறைக்கிறான் என்று தெரியாததால், மறைக்க எதுவுமே இல்லாதவருக்கும் சேர்த்து விலையைக் குறைத்துக் கேட்கிறார்கள். நல்ல வீடு வைத்திருப்பவருக்கு இந்த வழக்கம் செய்யும் துரோகம் இது.

எல்லோரும் செய்கிறார்கள், நான் மட்டும் யோக்கியனாக இருந்தால் நஷ்டம் எனக்குத்தானே என்பது அடுத்த வாதம். உண்மையைச் சொல்வது விற்பவருக்கு லாபமாகும்படி ஒரு நாடே ஏற்பாடு செய்ய முடியும் என்பதற்கு டென்மார்க் சாட்சி. அங்கே 1996 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டப்படி, விற்பவர் தகுதி பெற்ற வல்லுநரைக் கொண்டு வீட்டை ஆய்வு செய்து, அந்த அறிக்கையை வாங்குபவரிடம் முன்கூட்டியே கொடுத்து, காப்பீட்டுக்கும் வழிசெய்துவிட்டால், கட்டடக் குறைகளுக்கான பொறுப்பிலிருந்து பெரும்பாலும் விடுபடுகிறார். நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் புது வீடு கட்டி விற்கும் நிறுவனத்தை ஐந்தாண்டுக்குக் கட்டமைப்புக் குறைகளுக்குப் பொறுப்பாக்குகிறது. அந்தமானுக்கும் தமிழ்நாட்டின் ஆணையமே அதைக் கவனிக்கிறது. ஒருவர் குடியிருந்த வீட்டை இன்னொருவருக்கு விற்கும்போது அந்தச் சட்டம் உதவிக்கு வராது. அதனால்தான் விற்பவரின் நேர்மை இங்கே கூடுதலாகத் தேவைப்படுகிறது. ஆய்வறிக்கையைக் கட்டாயமாக்கும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. விருப்பப்பட்டவர் இன்றே ஒரு பொறியாளரைக் கூப்பிட்டு அறிக்கை வாங்கி, அதைக் கிரய ஒப்பந்தத்தோடு இணைத்து, வாங்குபவரின் கையெழுத்தையும் பெற்றுக்கொள்ளலாம். 2011 கணக்கெடுப்பில் எல்லாத் தீவுகளையும் சேர்த்து 3,80,581 பேர்தான். விற்றவரும் வாங்கியவரும் அடுத்த வாரம் அபர்டீன் பஜாரில் நேருக்கு நேர் சந்திக்கிற ஊர் இது. ஏமாற்றப்பட்ட குடும்பம் அடுத்த தெருவில்தான் இருக்கும்.

கனமான ஆட்சேபம் ஒன்று மிச்சமிருக்கிறது, அதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்து குடியேறியவர்களும், தமிழ்நாட்டிலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்களும் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி எழுப்பிய வீடுகள் இவை. மருத்துவத்துக்காகவோ மகளின் திருமணத்துக்காகவோ மெயின்லேண்டுக்குப் போய்ச் சேர வேண்டிய நெருக்கடியிலோ விற்கிறவரிடம், கம்பியைத் தோண்டிப் பார், பொறியாளரைக் கூப்பிடு என்று சொல்வது இரக்கமற்ற பேச்சு என்பார்கள். ஆனால் அந்தக் குடும்பத்திடம் கடன் வாங்கியாவது பட்டி பார் என்று சொல்வதுதானே இன்றைய வழக்கம்? வட்டிக்கு எடுத்த பணத்தைச் சுவரில் பூசச் சொல்வதில் என்ன இரக்கம் இருக்கிறது? நான் சொல்வதற்குச் செலவு குறைவு. ஒரு சிறு சுத்தியல் போதும். தளத்தின் அடிப்பக்கத்தையும் தூண்களையும் பீம்களையும் சன்ஷேடையும் மெல்லத் தட்டிக்கொண்டே போனால் எங்கே பொத்தென்று ஒலிக்கிறது என்று அனுபவமுள்ள மேஸ்திரி அரை நாளில் சொல்லிவிடுவார். அந்த இடங்களைச் சாக்கட்டியால் வட்டம் போட்டு வையுங்கள். இருக்கும் பணத்தை ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடைப்பட்ட உலர்ந்த மாதங்களில் மாடித் தளத்தின் ஒழுகலுக்கும், மழைநீர் வடியும் குழாய்க்கும், பிறகு உப்பிய பீமுக்கும் என்ற வரிசையில் செலவிடுங்கள். பணம் தீர்ந்துபோனால் மிச்சத்தை அப்படியே விட்டு, விலையில் குறைத்துக்கொள்ளுங்கள். திருத்திய இடத்தையும் பெயின்ட் அடிக்காமல், சாம்பல் நிறக் கலவை தெரியும்படி விட்டுவையுங்கள். எந்த ஆண்டு, யார், எப்படிச் செய்தார்கள் என்று ஒரு தாளில் எழுதி வாங்குபவரிடம் கொடுங்கள்.

வீட்டை மழையிலும் காட்டுங்கள். தரகர்கள் வெயில் நாளாகப் பார்த்து, காலைப் பத்து மணிக்கு ஆளைக் கூட்டி வருவார்கள். ஜூன் மாதத்தில், இரண்டு நாள் விடாமல் பெய்த பிறகு, வாங்க நினைப்பவரை மாடிப்படி வழியாக மேலே கூட்டிப்போய்த் தண்ணீர் எங்கே தேங்குகிறது, எங்கே வடிகிறது என்று காட்டுங்கள். பிறகு கீழே இறங்கி வந்து, அதே இடத்துக்கு நேர்கீழே ஃபால்ஸ் சீலிங் இல்லாத தளத்தை அவரே டார்ச் அடித்துப் பார்க்கட்டும்.